பணியிடப் பாதுகாப்புத் தேர்வு: சட்ட வரலாற்றையும் பயிற்சியையும் சேர்த்துப் படித்த முறை

தொழிலகப் பாதுகாப்புப் பட்டயத் தேர்வுக்குப் படிக்கும் பலர் சட்ட வரலாற்றை ஒரு பாடமாகவும் தொழிலாளர் பயிற்சியை வேறொரு பாடமாகவும் வைத்துக்கொள்கிறார்கள். நான் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் படித்தேன். ஒரு விபத்து, அதில் வெளிப்பட்ட குறை, அதன் பின் வந்த விதி, அந்த விதிப்படி தொழிலாளி அறிந்திருக்க வேண்டியது என நான்கு பத்திகள் இருந்தால் போதும். ஆண்டுகள் தாமாகவே நினைவில் தங்கிவிடும்.

தொடக்கக் காலத்தை விரைவாக முடித்துவிடலாம். பிரிட்டனின் 1802ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உரிய கண்காணிப்பு இல்லாமல் ஏட்டளவில் நின்றதையும், 1833இல் ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டதையும், 1844இல் இயந்திரங்களுக்குத் தடுப்பு கட்டாயமானதையும் அறிந்தால் போதும். 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிலகத்தில் 146 பேர் இறந்த தீ விபத்தில் வெளியேறும் கதவொன்று பூட்டியிருந்தது என்பதைத் தவறாமல் எழுதுங்கள்.

மதிப்பெண் அதிகம் கிடைப்பது பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பை ஆராய்ந்த ரோபன்ஸ் குழுவின் 1972ஆம் ஆண்டு அறிக்கையிலும் அதையொட்டிய 1974 பிரிட்டன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்திலும்தான். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி விதி என்ற பழைய போக்கு மாறி, தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை அளிப்பது முதலாளியின் பொதுக்கடமையானது.

பயிற்சி பற்றிய வினாவுக்கு 1988இல் 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையை எடுத்துக்காட்டாகத் தரலாம். பழுதுபார்ப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேராததால் அந்தப் பம்பை இயக்கிவிட்டார்கள். ஆபத்தான வேலைக்கு முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறும் பணி அனுமதிச் சீட்டு முறை அங்கே இல்லாமலில்லை. ஷிஃப்ட் மாறும்போது அதைக் கைமாற்றும் ஒழுங்குதான் தளர்ந்திருந்தது.

'பயிற்சி அளிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதினால் திருத்துபவர் நிறைவடைய மாட்டார். லாக்அவுட் (பழுதுபார்க்கும்போது யாரும் இயக்க முடியாதபடி இயந்திரத்தைப் பூட்டிவைத்தல்) பயிற்சி என்றால், மின்னிணைப்பைத் துண்டித்துத் தன் பூட்டைத் தானே போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்து, இயந்திரம் ஓடவில்லை என்பதை ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்த்து உறுதிசெய்யும் வரை தொழிலாளியைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். கையெழுத்திட்ட வருகைப் பதிவேடு பயிற்சிக்குச் சான்றாகாது என்பது என் கருத்து. விடையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கினேன்.

ஆபத்தைக் குறைக்கும் வழிகளை அதிகப் பயன் தருவதிலிருந்து அடுக்கும் கட்டுப்பாட்டு வரிசையில் பயிற்சியின் இடத்தையும் குறிப்பிடுங்கள். ஆபத்தை அடியோடு நீக்குதல், மாற்றுப்பொருள், பொறியியல் தடுப்பு ஆகிய மூன்றுக்கும் பிறகே நிர்வாக ஏற்பாடுகளுடன் பயிற்சி வருகிறது. ஹெல்மெட்டும் கையுறையும் அதற்கும் கடைசியில்தான்.