குறிப்பின் தலையில் கேள்வியை எழுதுங்கள்: குரூப் 1 மெயின்ஸ் அனுபவம்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 மெயின்ஸ் ரிசல்ட் வந்துவிட்டது, நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இப்போதுதான் ராத்திரி ஒழுங்காகத் தூக்கம் வருகிறது. பாடத்திட்டம், புத்தகப் பட்டியல் எல்லாம் உங்களிடமே இருக்கும். என்னைக் கரை சேர்த்தது குறிப்பெடுத்த முறைதான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

குறிப்பின் தலையில் தலைப்பு போடாதீர்கள், கேள்வி போடுங்கள். ‘உள்ளாட்சி’ என்று போட்டால் 73ஆவது திருத்தம், 1992, பதினோராவது அட்டவணை, 29 இனங்கள் என்று பக்கம் நிறைந்துவிடும், ஆனால் ஹாலில் 15 மதிப்பெண் கேள்விக்கு அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்று கை நின்றுவிடும். ‘சட்டம் முதலில் வருமா, சமூகம் முதலில் மாறுமா?’ என்று எழுதிவிட்டுப் படிக்க உட்காருங்கள், வேண்டியது மட்டும்தான் கண்ணில் படும்.

குறிப்புகளை நான் அட்டைகளில்தான் எழுதுவேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு அட்டைகள் இருந்தன, இரண்டுமே நம்ம மதுரைப் பக்கம். ஒன்று உசிலம்பட்டிப் பக்கம்: பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் அங்கே தேர்தல் முறையாக நடக்கவில்லை, 2006இல் உதயச்சந்திரன் கலெக்டராக இருந்தபோதுதான் நடந்தது. இன்னொன்று 1939 ஜூலை 8, வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது. அங்கே நுழைவு முதலில் நடந்தது, பாதுகாக்கும் சட்டம் அப்புறம்தான் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோதே விடையின் வாதம் கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு அட்டையின் அடியிலும் சொந்தமாக ஒரு முழு வாக்கியம் எழுதுவேன். பாப்பாபட்டி அட்டையில் இருந்தது: ‘சட்டம் ஒதுக்கிய நாற்காலியில் ஆள் உட்கார, மாவட்ட நிர்வாகம் ஊரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது.’ அது அப்படியே விடைத்தாளுக்குப் போகிற வாக்கியம். அப்படி ஒன்று வரவில்லையென்றால் அந்தப் பகுதியை மறுபடி படியுங்கள், இதில் சலுகையே கிடையாது.

மற்றபடி:

- புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். பார்த்து எழுதினால் அது நகல்தான்.
- ஓர் அட்டைக்கு இரண்டு எண் போதும், எந்த ஆண்டுக் கணக்கு என்பதோடு.
- பிரிண்ட் நோட்ஸ் வாங்காதீர்கள். ஒரு பயிற்சி மையம் என்னிடம் காசை வாங்கிக்கொண்டு பள்ளிப் பாடப்புத்தகத்தையே சுருக்கித் தந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.
- புது நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நான் தனியாகப் படிக்கிற ஆள், கூட்டமாகப் படிப்பதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.
- கடைசி மாதம் புதுக் குறிப்பு வேண்டாம். இரண்டிரண்டு அட்டையாக உருவி, கடிகாரத்தை வைத்து 250 சொல்லில் விடை எழுதுங்கள்.

கேள்விக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்குங்கள், இன்றைக்கே.