பழைய பிளாப்பி டிரைவ்: டிஸ்க்கிலிருந்து தொடங்குங்கள்

பல வருடம் முடங்கிக் கிடந்த டிரைவ் கைக்கு வந்ததும் ஒரு டிஸ்க்கைச் செருகி ஓடுகிறதா என்று பார்க்கத்தான் யாருக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பூஞ்சை பிடித்த டிஸ்க் சில சுற்று சுற்றினாலே போதும், தரவைப் படித்து எழுதும் முனையான ஹெட்டில் அழுக்கு அப்பிக்கொள்ளும். அந்த ஹெட், அடுத்து செருகும் நல்ல டிஸ்க்கைக் கீறும். "டிரைவ் எல்லா டிஸ்க்கையும் கெடுக்கிறது" என்ற புகார் பல நேரம் இப்படித் தொடங்கியதுதான்.

அதனால் முதலில் டிஸ்க். மூன்றரை அங்குலம் என்றால் உலோக மூடியை விரலால் தள்ளிப் பிடித்து, பின்பக்கம் இருக்கும் வட்டத் தகட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் பரப்பு முழுக்க ஒரே மாதிரி கரும்பழுப்பாக மின்ன வேண்டும். மங்கலான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. வட்டமாக ஒரு கோடு ஓடி, அதன் வழியே வெளிச்சம் ஊடுருவினால் அந்த இடத்தில் காந்தப் பூச்சே உரிந்துவிட்டது. அந்தத் தடத்தில் (தரவு பதியும் வட்டக் கோட்டில்) இருந்த தரவு போனது போனதுதான். சோதனைக்கென்று, போனாலும் பரவாயில்லை என்கிற சுத்தமான டிஸ்க் இரண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவின் மேல்மூடி ஒன்றிரண்டு ஸ்க்ரூவிலோ பக்கவாட்டுக் கொக்கியிலோதான் நிற்கும். காந்த முனை ஸ்க்ரூடிரைவரை ஹெட் பக்கம் கொண்டு போக வேண்டாம். தூசிக்குக் கையால் அழுத்தும் ஊதுகுழல் போதும். அழுத்தக் காற்று டப்பாவை நேரே ஹெட் மீது பீய்ச்சினால், மேல் ஹெட்டைத் தாங்கும் மெல்லிய தகட்டு ஸ்பிரிங் நெளிந்துவிடும். நெளிந்தால் அந்த டிரைவ் உதிரிபாகத்துக்குத்தான்.

ஹெட்டைச் சுத்தம் செய்வதில்தான் அவசரப்படக் கூடாது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும்; 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர், காயவும் நேரமாகும், படிவும் விடும். நூல் பிரியாத நுரைக் குச்சி நல்லது. காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியும் ஆகும், ஆனால் ஒரு இழை மாட்டிக்கொண்டால் இழுக்காமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். குச்சி நனைந்திருக்கலாம், சொட்டக் கூடாது. மேல் ஹெட்டின் கையை மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தூக்காதீர்கள். கறுப்புப் பீங்கான் சில்லு போல இருக்கும் ஹெட்டின் நடுவே முடியளவு கோடு ஒன்று ஓடும். வேலை நடப்பது அங்கேதான். அழுத்தாமல் நாலைந்து முறை தடவி, குச்சியைப் பாருங்கள். பழுப்பு ஏறியிருந்தால் புதுக் குச்சி. குச்சி பழுப்பு ஏறாமல் வரும் வரைக்கும் தொடருங்கள், பிறகு ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஒற்றைப் பக்க டிரைவில் மேலே ஹெட் இருக்காது, டிஸ்க்கை அமுக்கும் சிறு கம்பளிப் பொத்தான்தான் இருக்கும். அதை ஆல்கஹாலில் ஊறவைக்க வேண்டாம். தேய்ந்து தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள்.

அடுத்து ஹெட் ஓடும் தண்டவாளம். பழைய கிரீஸ் மெழுகு போல இறுகியிருக்கும். ஹெட் வண்டியைக் கையால் தள்ளாமல், மின்சாரம் இல்லாதபோது, ஹெட்டைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரின் திருகுத் தண்டை விரலால் சுழற்றி நகர்த்துங்கள். பழையதை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்த பிறகு தண்டவாளத்தில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், அதையும் துடைத்து மினுமினுப்பு மட்டும் விடுங்கள். திருகுத் தண்டில், பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளை கிரீஸ் கடுகளவு. துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள்.

டிஸ்க்கை வெளியே தள்ளும் அமைப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே கிரீஸ் இறுகியிருந்தால் பொத்தானை அழுத்தும்போது மேல் ஹெட் உயர்வதற்குள் டிஸ்க் வெளியே வரப் பார்க்கும். டிஸ்க்கின் உலோக மூடி ஹெட்டைக் கவ்வி, ஸ்பிரிங்கோடு பிய்த்துக்கொண்டு வரும். டிஸ்க் பாதியில் நின்றால் பலம் காட்டாமல் மூடியைத் திறந்து பாருங்கள்.

ஆம்ஸ்டிராட் என்ற பழைய கம்ப்யூட்டர்களின் மூன்று அங்குல டிரைவ் போல பெல்ட்டில் ஓடுபவற்றில் ரப்பர் தொய்ந்தோ தார் போல உருகியோ இருக்கும். கப்பியில் ஒட்டிய பிசினை முழுக்க எடுக்காமல் புது பெல்ட் போட்டால் வேகம் அலையும். பழைய ஐந்தேகால் அங்குல டிரைவ்கள் சிலவற்றின் அடிச்சக்கரத்தில் 50, 60 ஹெர்ட்ஸுக்கான கோட்டு வளையங்கள் இருக்கும். உங்கள் ஊர் மின்சாரத்துக்குரிய வளையம் குழல்விளக்கில் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் வேகம் சரி. எல்இடி விளக்கையும் எலக்ட்ரானிக் சோக் போட்ட குழல்விளக்கையும் இதற்கு நம்ப முடியாது.

இனி மின்சாரம். நாலு முனைச் சிறு பவர் கனெக்டரை தலைகீழாகச் செருகினால் 12 வோல்ட் 5 வோல்ட் பக்கம் போய் போர்டைச் சுட்டுவிடும். சிவப்பு 5, மஞ்சள் 12. மல்டிமீட்டரில் 5 வோல்ட் கம்பி 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் நிற்க வேண்டும். டிரைவின் முகப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் 34 முனை ரிப்பன் கேபிள் தலைகீழ், திருப்பிப் போடுங்கள். பிசி கேபிளில் 10 முதல் 16 வரையான கம்பிகள் முறுக்கியிருக்கும். முறுக்கைத் தாண்டிய கடைசி இணைப்புதான் ஏ டிரைவ், அதாவது முதல் டிரைவ்.

அறிகுறிகள் ஓரளவு பேசும். தொடங்கும்போது ஹெட் ஓரத்தில் முட்டி முட்டிக் கடகடத்தால், டிராக் பூஜ்யத்தை (வெளி ஓரத்தில் உள்ள முதல் தடத்தை) உணரும் ஒளி சென்சாரில் தூசி. டிஸ்க்கை மாற்றிய பின்னும் முந்தைய டிஸ்க்கின் கோப்புப் பட்டியலே வந்தால் டிஸ்க் மாறியதைச் சொல்லும் 34-ஆம் முனையின் சிக்னல் வரவில்லை. இந்த நிலையில் எழுதினால் புது டிஸ்க்கின் பட்டியல் சிதைந்துவிடும், ஆகவே எழுதவே கூடாது. மோட்டார் திணறி, போர்டில் மீன் வாடை அடித்தால் கெப்பாசிட்டர் கசிவு. கசிந்த திரவம் செம்புத் தடத்தை அரிக்கும், எனவே அதையும் கழுவிவிட்டே புதியதைச் சாலிடர் செய்ய வேண்டும்.

வேகத்தை அளக்க, பழைய டாஸ் இயங்குதளத்தில் இமேஜ்டிஸ்க் என்ற நிரல், யூஎஸ்பி வழியென்றால் கிரீஸ்வீசல் என்ற சிறு போர்டு. மூன்றரை அங்குல டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது சுற்றுக்கு 200 மில்லி செகண்ட். ஐந்தேகால் அங்குல 1.2 எம்பி டிரைவ் 360 சுற்று, ஏறக்குறைய 167 மில்லி செகண்ட். இதற்குப் பிறகும் தான் எழுதியதைத் தானே படித்து, மற்ற டிரைவ் எழுதியதைப் படிக்க மறுத்தால்தான் ஹெட் வரிசை தவறியிருக்கிறது, அதாவது ஹெட் தடத்தின் மேல் சரியாக நிற்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அதுவரை ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தாதீர்கள். தளர்த்தத்தான் வேண்டும் என்றால் பழைய இடத்தை ஊசியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டு தொடுங்கள்.

1.2 எம்பி டிரைவில் பழைய 360 கேபி டிஸ்க்கைப் படிக்கலாம், எழுதுவதுதான் வம்பு. அதன் ஹெட் போடும் தடம் குறுகலானது. பழைய அகலத் தடத்தின் ஓரங்கள் அழியாமல் நிற்க, 360 கேபி டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

மாற்று இல்லாத டிஸ்க்கைச் செருகும் முன் எழுதுதடுப்பைப் போட்டுவிடுங்கள். மூன்றரையில் ஓட்டை திறந்திருக்க வேண்டும். ஐந்தேகாலில் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். ஒளி ஊடுருவும் டேப் ஒட்டினால், ஒளி சென்சார் வைத்த டிரைவுக்கு அந்த வெட்டு இன்னும் திறந்தே தெரியும்.