கேன்டன்: ஒரு ஆறு மைல் சதுரத்தின் கதை

'டவுன்ஷிப்' என்று சொன்னால் நம்மில் பலருக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். நிறுவனம் கட்டிய குவார்ட்டர்ஸ், வரிசையான ப்ளாக்குகள், ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி. மிச்சிகனுக்கு வந்து, டெட்ராய்ட்டுக்கு மேற்கே கேன்டன் டவுன்ஷிப்பில் வீடு வாங்கியபோது நானும் அப்படி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்தேன். பத்திரத்தைப் படித்தபோது வீட்டு எண்ணோடு 'டி2எஸ், ஆர்8ஈ' என்று ஒரு குறியீடு இருந்தது. அது என்ன என்று தேடப்போய்த்தான் இந்த ஊரின் முழுக் கதையும் எனக்குக் கிடைத்தது.

அமெரிக்கா 1785-இல் ஒரு நிலச் சட்டம் போட்டது. மேற்கே இருக்கும் நிலத்தையெல்லாம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளக்க வேண்டும், ஒவ்வொரு சதுரத்தையும் 36 துண்டுகளாகப் பிரிக்க வேண்டும், ஒரு துண்டு ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அந்தச் சதுரம்தான் டவுன்ஷிப். பதினாறாம் எண் துண்டைப் பள்ளிக்கூடங்களுக்காக ஒதுக்கினார்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 'டி2எஸ்' என்றால் அளப்பதற்காகக் கிழக்கு மேற்காகப் போட்ட அடிப்படைக் கோட்டிலிருந்து தெற்கே இரண்டாவது சதுரம், 'ஆர்8ஈ' என்றால் வடக்கு தெற்காகப் போட்ட மிச்சிகன் நெடுங்கோட்டிலிருந்து கிழக்கே எட்டாவது. அந்த அடிப்படைக் கோட்டின் மேல்தான் இன்றைய எய்ட் மைல் சாலை ஓடுகிறது. டெட்ராய்ட்டின் வடக்கு எல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த அதே சாலை.

ஆனால் அளப்பதற்கு முன்னால் இது யாருடைய நிலம்? 1807-இல் கையெழுத்தான டெட்ராய்ட் ஒப்பந்தத்தில் ஒடாவா, ஒஜிப்வே, வையண்டாட், பொட்டாவட்டோமி ஆகிய பூர்வகுடி மக்கள் தென்கிழக்கு மிச்சிகனின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்கள் நடந்த தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. கேன்டனின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: ஜாய், வாரன், ஃபோர்டு, செர்ரி ஹில், பால்மர் என்று மைலுக்கு ஒரு சாலை, எல்லாமே கிழக்கு மேற்காக, நூல் பிடித்த மாதிரி. தெற்கே மிச்சிகன் அவென்யூ மட்டும் சதுரங்களை மதிக்காமல் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். அது பழைய சாக் தடம், சதுரங்களுக்கெல்லாம் மூத்தது. பிறகு அதுவே டெட்ராய்ட்டையும் சிகாகோவையும் இணைக்கும் சாலையானது. 1825-இல் ஈரி கால்வாய் திறந்ததும் நியூயார்க் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தார்கள், அந்தச் சாலையோரத்தில் ஷெல்டன் குடும்பம் நடத்திய சத்திரத்தைச் சுற்றி ஒரு சின்ன ஊர் உருவானது. ஷெல்டன் சாலை என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, கேன்டன் என்ற பெயர்? சீனாவின் குவாங்சோ நகரத்தை அன்று மேற்கத்தியர்கள் அழைத்த பெயர் அது. 1829-இல் பக்கத்திலிருந்த பக்லின் டவுன்ஷிப்பைப் பிரித்தபோது ஒரு பாதிக்கு நான்கின், இன்னொரு பாதிக்கு பீக்கின் என்று பெயர் வைத்தார்கள். நான்ஜிங்கும் பெய்ஜிங்கும்தான் அவை. 1834-இல் பிளிமத் டவுன்ஷிப்பிலிருந்து பிரிந்த சதுரம் கேன்டன் ஆனது. வேறு எந்தத் தபால் நிலையத்துக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு தொலைவு போய்த் தேடினார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்போது மிச்சிகன் ஒரு மாநிலமாகக்கூட ஆகவில்லை, அது 1837-இல்தான். பீக்கின் சீக்கிரமே ரெட்ஃபோர்டு என்று மாறிவிட்டது. நான்கினின் கதை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். அங்கே 1965-இல் வெஸ்ட்லேண்ட் என்ற ஷாப்பிங் மால் திறந்தது, அந்த இடத்தைப் பக்கத்து லிவோனியா நகரம் சேர்த்துக்கொள்ளப் பார்த்தது, அதைத் தடுக்க 1966-இல் நான்கின் தானே ஒரு நகரமாகி, பெயரையும் அந்த மாலின் பெயராகவே மாற்றிக்கொண்டது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த பெயர் ஒரு கடைத்தொகுதிக்காகப் போய்விட்டது. மூன்று சீனப் பெயர்களில் ஊர்ப் பெயராக மிஞ்சியது கேன்டன் மட்டும்தான்.

கேன்டன் இன்றுவரை நகரமாகவில்லை, 'சார்ட்டர் டவுன்ஷிப்' ஆகவே இருக்கிறது. அக்கம்பக்கத்து நகரங்கள் நிலத்தை எளிதாகப் பிடுங்கிக்கொள்ளாதபடி பாதுகாப்புக் கொடுக்க 1947-இல் வந்த சட்டத்தின்படி அமையும் அமைப்பு அது. சூப்பர்வைசர், கிளார்க், பொருளாளர், நான்கு டிரஸ்டிகள், மொத்தம் ஏழு பேர் நிர்வாகம். மேயர் கிடையாது. சாலைகள்கூட டவுன்ஷிப்புக்குச் சொந்தமில்லை, நம்ம ஊர் மாவட்டம் மாதிரியான கவுண்டிக்குத்தான். புதிதாக வருபவர்களுக்கு இது புரியக் கொஞ்ச நாளாகும்.

நிலம் பெரும்பாலும் சமதளம். பனியாறுகள் உருகித் தேங்கிய பழைய ஏரியின் படுகை இது, அதனால் விவசாயத்துக்கு நல்ல மண். ஒரு காலத்தில் இனிப்புச் சோளத்துக்குப் பெயர் போன ஊர். 1970-இல் இங்கே 11,026 பேர் இருந்தார்கள். 1980-இல் 48,616. பத்தே வருடத்தில் நாலு மடங்குக்கு மேல்! டெட்ராய்ட்டிலிருந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலம், எழுபதுகளிலேயே ஐ-275 நெடுஞ்சாலையும் வந்தது, சோளக்கொல்லைகள் வீட்டு மனைகளாயின. 2020 கணக்கெடுப்பில் 98,659. இந்தப் பெருக்கத்தின் கடைசிப் பகுதியில்தான் எங்களைப் போன்றவர்கள் வந்தோம். செர்ரி ஹில் சாலையில் இந்துக் கோயில் இருக்கிறது, ஃபோர்டு சாலையில் 2006-இல் திறந்த ஐக்கியா ஃபர்னிச்சர் கடை இருக்கிறது. தமிழ், தெலுங்கு, குஜராத்தி எல்லாம் கடையில் சர்வ சாதாரணமாகக் காதில் விழும்.

யாராவது கேன்டனைப் பார்க்க வந்தால் நான் ஐக்கியாவுக்குக் கூட்டிப்போக மாட்டேன். செர்ரி ஹில் சாலையில் கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டிப்போவேன். முதலில் நெருக்கமான வீடுகள், அப்புறம் கோயில், அப்புறம் ரிட்ஜ் சாலைச் சந்திப்பில் பழைய செர்ரி ஹில் கிராமம், 1944-இல் ஹென்றி ஃபோர்டு அங்கே ஒரு சின்னத் தொழிற்கூடம் வைத்திருந்தார். அதற்கும் அப்பால் நேப்பியர் சாலை. அங்கே எங்கள் சதுரம் முடிகிறது, வேறு கவுண்டி தொடங்குகிறது. கோடு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வீடுகள் குறைந்து வயல்கள் தெரிய ஆரம்பிக்கும். ஆகஸ்ட் மாதமாக இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, சோளம் ஆளுயரம் நிற்பதைக் காட்டுவேன்.