தளர்ந்த பக்கம் மேலே

பாடசாலை மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் மூன்று வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாம் மணி, வேம்படி, வெள்ளிக்கிழமைத் தேவாரம், மாரியில் ஒழுகும் மேல்மாடி என்று மற்றவர்கள் எல்லாவற்றையும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு துண்டுக் கயிறு. கடந்த மாசியில் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்திராவிட்டால் அதையும் எழுதியிருக்கமாட்டேன்.

‘வடம் மாஸ்டர்’ காலமாகிவிட்டார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆசிரியராவதற்கு முன் திருகோணமலைத் துறைமுகத்துக் கடற்படைப் பட்டறையில் தொழில் பழகியவர். 1957இல் ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். சேரின் நகக்கண்ணிலிருந்த எண்ணெய்க் கறுப்பு மட்டும் போகவில்லை. உராய்வு என்ற பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடி அவர் ஒருநாளும் தொடங்கியதில்லை. லங்காஷயர் பஞ்சாலைகளில்தான் தொடங்குவார். அங்கே ஒரே நீராவி எஞ்சின் ஐந்து மாடி நூற்புக் கதிர்களையும் ஓட்டும். எஞ்சினிலிருந்து மாடிகளுக்குப் பற்சில்லு கிடையாது, தோல் பட்டி கிடையாது. எஞ்சினோடு சுற்றும் பெரிய சக்கரமான பறப்புச் சில்லின் விளிம்பில் வரிசையாக வெட்டிய தவாளிப்புகளில், அதாவது பள்ளங்களில், பருத்தி வடங்கள் ஓடும். கயிறு தேயாமலிருக்க மாட்டுக் கொழுப்போடு காரீயம், அதாவது பென்சில் கரி, கலந்து பூசுவார்களாம். “காரீயம் எங்கேயிருந்து போனது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் காலடி மண்ணைக் காட்டுவார்.

வெட்டுமுகத்தைப் பலகையில் வரைந்தபோது ஒரு சோக்கட்டியை உடைத்தே விட்டார். “கயிறு தவாளிப்பின் அடியில் படக்கூடாது, தம்பிமார். இரண்டு சுவருக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுக வேண்டும். அடியில் பட்டால் அன்றோடு வழுக்கத் தொடங்கும்.” சுவர்களுக்கிடையே 45 பாகை என்றால் பிடிமானம் தட்டைக் கப்பியில் உள்ளதைப்போல ஏறக்குறைய 2.6 மடங்காகக் கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கயிற்றின் தளர்ந்த பக்கம், அதாவது இழுவிசை குறைந்த பக்கம், மேலேயிருக்க வேண்டும். அது தொய்யத் தொய்யக் கயிறு சில்லைக் கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பரீட்சையில் முழுப் புள்ளியும் எனக்குத்தான்.

அதனால்தான் 1974 பொருட்காட்சியில் சேருடைய பித்தளை மாதிரி எஞ்சினை என்னிடம் ஒப்படைத்தார். கொதிகலன் ஒரு பால்மா டின் அளவு இருக்கும். கீழே ஸ்பிரிட் விளக்கு. அதன் சில்லிலிருந்து கயிறு போட்டு ஒரு குட்டி நெல் ஆலையை நான் சுழற்ற வேண்டும். பழைய கதிரை ஒன்றின் காலைக் கடைந்து கப்பி செய்தேன். கையில் அகப்பட்டது வட்ட அரம்; அதாலேயே தவாளிப்பை அராவியதில், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான குழிதான் கிடைத்தது. தளர்ந்த பக்கம் கீழே. கயிற்றின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டேன், கோவணத்துக்குப் போடுவதைப்போல.

பிரதம விருந்தினர் மாலையோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு சில்லில் ஏறும்போதெல்லாம் ‘டக், டக்’ என்றது. பிறகு துள்ளியது. கயிறு கழன்று, கொழுப்பும் கரியுமாக (காரீயம் பூசாமல் விடுவேனா?) அவருடைய வெள்ளை நஷனல் உடையில் ஒரு நீளக் கோடு போட்டுவிட்டு வடைத் தட்டில் விழுந்தது.

சேர் ஏசவில்லை. ஏசியிருந்தால் இத்தனை வருடம் நினைவிருந்திராது. கூட்டத்தின் பின்வரிசையைப் பார்த்து, “நீ வா” என்று ஒருவனைக் கூப்பிட்டார். கரைவலை வாடியிலிருந்து வருகிறவன். பக்கத்தில் இருந்தால் மீன் மணக்கிறது என்று வாங்கை மாற்றித் தரும்படி முதலாம் தவணையில் நான் கேட்டது அவனைப் பற்றித்தான். பௌதிகவியலில் அவனுக்கு முப்பதுக்கு மேல் வந்ததில்லை.

அவன் பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்தான். கயிற்றின் மூன்று புரிகளையும் இரு முனையிலும் பிரித்தான். ஒரு முனையின் புரியைப் பின்னோக்கி உரித்துக்கொண்டே போய், அது விட்ட பள்ளத்தில் மறுமுனைப் புரியை முறுக்கி முறுக்கிப் படுக்கவைத்தான். அடுத்த புரி எதிர்ப்பக்கமாக. முனைகளைப் பாதியாக மெலியவைத்துக் கம்பியால் உள்ளே செருகினான். ஒரு சாண் தூரத்துக்கு எங்கே ஒரு முனை முடிந்தது, எங்கே மறுமுனை தொடங்கியது என்று தெரியவில்லை. கப்பியையும் மாற்றி, தளர்ந்த பக்கம் மேலே வரக் கயிற்றைக் கட்டினான். ஆலை சுற்றியது. “இதைத்தான் நான் இரண்டு தவணையாகச் சொன்னேன்” என்றார் சேர், விருந்தினரைப் பார்த்து. என்னை அவர் பார்க்கவேயில்லை.

1984இல் நான் புறப்பட்டேன். சொல்லிக்கொள்ளப் போனபோது, “மான்செஸ்டர் பக்கம் போனால் வடங்களைப் பார்” என்றார். இருபத்தைந்து வருடம் அருகிலேயே இருந்தும் போகவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் விகன் நகரில் ட்ரெஞ்சர்பீல்ட் ஆலைக்குப் போனேன். போல்டனில் செய்த எஞ்சின், 1907ஆம் வருடத்தது. 26 அடி விட்டமுள்ள பறப்புச் சில்லு, 54 வடங்களுக்கு. கோணேசர் கோயிலுக்கு முதன்முதல் போகிற பிள்ளையைப்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒரு வடம் அறுந்தாலும் மற்றவை சுமக்கும், ஆலை நிற்காது. அதுதான் இந்த முறையின் சிறப்பு. இதை வைத்து ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி அழகாக ஓர் உவமை எழுதலாம். சேர் கண்டால் சிவப்பு மையால் வெட்டுவார்.

படம் எடுத்து அவருக்கு அனுப்ப நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான்.

மாசியில் என்னை அழைத்தவன் அவன்தான், அன்று கயிற்றைப் பொருத்தியவன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பிறகு. “நீ வரமாட்டாய் என்று தெரியும், அதுதான் அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்கிறேன்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. எஞ்சினைச் சேர் அவனிடமே கொடுத்துவிட்டாராம். பேரப்பிள்ளைகளுக்கு ஓட்டிக் காட்டுகிறானாம். “இங்கே இப்போது எல்லாம் நைலோன். இழுபடுகிறது, வழுக்குகிறது. அங்கே மூன்று புரிப் பருத்திக் கயிறு கிடைக்குமா?”

பத்து யார் வாங்கிவிட்டேன். பொதி மேசையில் கிடக்கிறது. ஐந்து வருடம் ஒரே வகுப்பில் இருந்தோம். அவனுடைய முகவரி என்னிடம் இல்லை. அழைத்துக் கேட்க வேண்டும்.