மொட்டைமாடி அவரை

ஆடியில் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய நாட்டு அவரை விதை. பெங்களூரு அல்சூர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பைகளில் ஊன்றினேன். ஐப்பசி வரை கொடி மட்டும்தான், பூவே இல்லை. பதறிப்போய் போன் செய்தேன். “பகல் சுருங்கட்டும்டா, தானா பூக்கும்” என்றார் அம்மா. அப்படியே நடந்தது. இந்த அவரை பகல்பொழுது குறைந்தால்தான் மொட்டு வைக்கும்.

கார்த்திகையில் ஊதாப் பூ. கூடவே கொழுந்து நுனியெல்லாம் கறுப்பாக அசுவினி, சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை, சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தேன். மூன்றாவது வாரம் கொடி தெளிந்துவிட்டது.

இன்று முதல் பறிப்பு, கால் கிலோ இருக்கும். காய் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு. கையெல்லாம் அவரை வாசம், கழுவ மனசே வரவில்லை. தெருமுனையில் அவரேக்காய் (கன்னடத்தில் அவரைக்காய்) வண்டி நிற்கிறது, இருக்கட்டும். பாதியைக் கீழ் வீட்டு அக்காவுக்குக் கொடுத்தாயிற்று. மீதி பொரியலாக அடுப்பில். நாலு காயை மட்டும் விதைக்காகக் கொடியிலேயே விட்டிருக்கிறேன்.