பால்வெட்டுத் தழும்பில் செதுக்கும் வேலை

ரப்பர் மரத்தில் சிற்பம் செதுக்குகிறேன் என்றால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் மூத்த தச்சர்கள் இன்றும் தயங்குகிறார்கள். பால் வற்றிய மரம், ரப்பர்த் தாள்களைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்து விறகுக்குத்தான் என்னும் எண்ணம் தோட்டப்புறத்தில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. அருகிலுள்ள கோல கங்சாரில் 1877இல் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே இன்னமும் மரமாய் நிற்கிறது. ஆயினும் ரப்பர்ப் பலகை மேசை, நாற்காலி செய்யும் தளவாடத் தொழிலில் பெரிய அளவில் இடம்பிடித்தது 1980களில்தான்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மாவுச்சத்து மிகுந்த மரமாதலால், வெட்டிப்போட்ட சில நாள்களிலேயே நீலப்பூசணம் ஏறிவிடும், வண்டும் துளைக்கத் தொடங்கிவிடும். அறுத்த உடனே போரான் கரைசல் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகே இது நம்பத்தக்க பலகையாயிற்று. ஆலைகள் கழித்துவிடும் அடிமரத்தின் வெளிப்பலகைகளைத்தான் நான் கேட்டு வாங்குகிறேன். அன்றைக்கே கரைசலில் ஊறப்போட்டு, நிழலில் அடுக்கி உலர்த்துகிறேன்.

தோட்டத் தச்சராக இருந்து கோயில் வாகனங்களும் செய்த அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்றேன். எனினும் இந்தப் பலகையை எனக்குப் புரியவைத்தவர் பால்மரம் வெட்டிய அம்மா. பால் ஓடுவது பட்டையில்தான். கத்தி அதற்குள் நின்றுவிட வேண்டும், ஆனால் மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்ட இடத்தில் காயம் ஆறும்போது மரம் முண்டு கட்டும். ஒரு பலகையைத் தடவிப் பார்த்து, "இது புதுசா வெட்டுப் பழகுன கைடா, மரத்தத் தொட்டிருச்சு" என்று அம்மா சொன்னபோது, குடும்பக் கைத்தொழில் என்று அப்பாவின் உளியை மட்டுமே எண்ணி வந்தது எவ்வளவு குறைவான பார்வை என்று உணர்ந்தேன்.

முண்டு உள்ள இடத்தில் நார் நேராக ஓடாமல் சுழிந்து திரும்பும். அந்தச் சுழியைத் தொடர்ந்தே, தோட்டங்களிலும் திரியும் அழுங்கு என்னும் எறும்புத்தின்னி சுருண்டு படுத்திருக்கும் உருவத்தைப் புடைப்பாகச் செதுக்கி வருகிறேன். அதன் செதில்களின் நுனி வால்பக்கம் நோக்கியிருப்பதால், நகம்போல் வளைந்த முனையுள்ள நகவுளியால் முதலில் ஒவ்வொன்றின் விளிம்பையும் வெட்டி நிறுத்தி, பிறகு அதற்கு அடுத்த பரப்பைத் தாழ்த்த வேண்டும். சாய்ந்து வளர்ந்த மரமென்றால் நார் பஞ்சுபோல் எழும்பும். உப்புத்தாள் அதை அடக்காது. உளியை மறுபடி தீட்டி, நாருக்குக் குறுக்கே சாய்வாக மெல்ல இழுத்தால்தான் பரப்பு தெளியும். ஒரு பலகைக்குள் உளியை எத்தனை முறை தீட்டினாலும் அந்த நேரத்தை நான் வீணென்று கருதுவதில்லை.

வாங்குவோர் சிலர் தழும்பை மக்கு வைத்து அடைத்துத் தரக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தழும்பில்லாத வேறு பலகையில் செய்து தருகிறேன்.