கல்லறைக்கு மேலே ஒரு கோபுரம்

சென்னை சாந்தோமில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அண்ணாந்து பார்த்தார். தோமையார் ஆலயத்தின் 155 அடி உயர வெள்ளைக் கோபுரம். அது போதாதென்று கூரையின் நடுவே இன்னொரு சின்னக் கோபுரம்.

"அது எதுக்குடா?"

"அதுக்கு நேர் கீழதான்மா தோமையார் கல்லறை."

அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

கி.பி. 52-ல் இந்தியா வந்த இயேசுவின் சீடர் தோமையார், 72-ல் பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் துறந்தார், இங்கே அடக்கமானார் என்பது நம் முன்னோர் கைமாற்றித் தந்த மரபு. 1523-ல் போர்ச்சுகீசியர் கல்லறைமேல் ஆலயம் கட்டினார்கள். 1606-ல் மயிலை மறைமாவட்டம் உருவானதும் அதன் தலைமைக் கோயிலாக, பேராலயமானது. பழைய கட்டடத்தை 1893-ல் இடித்தார்கள். ஆயர் ரீட் டா சில்வா காலத்தில், கேப்டன் பவர் என்ற பொறியாளரின் கைவண்ணத்தில் இன்றைய கோதிக் ஆலயம் எழுந்து, 1896-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1956-ல் போப்பாண்டவர் தரும் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம். கட்டியவர்களும் கட்டடமும் மாறினாலும் கல்லறையை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. ஊசிக் கோபுரத்தைவிட அந்தச் சின்னக் கோபுரம்தான் எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது அதனால்தான்.

உள்ளே பீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடி. ஆண்டவரின் காயத்தருகே தோமையார். "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்று முணுமுணுத்தபடியே அம்மா மயிலை மாதாவிடம் போனார்.

2000-களின் தொடக்கத்தில் நடந்த புதுப்பிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். முன்பு கோயிலுக்குள்ளிருந்தே கல்லறைக்கு இறங்க வேண்டும். இப்போது வெளியே தனி வழி, கீழே தனிச் சிற்றாலயம். மேலே திருப்பலி நடந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கல்லறை முன் எவ்வளவு நேரமும் முழந்தாளில் இருக்கலாம்.

படியிறங்கும்போது, மார்க்கோ போலோ எழுதிவைத்ததை அம்மாவிடம் சொன்னேன். அந்தக் காலத் திருப்பயணிகள் இந்த இடத்து மண்ணை எடுத்துப்போய் நோயாளிகளுக்குக் கொடுப்பார்களாம். அம்மா பதில் சொல்லவில்லை.

கீழே குளிர்ச்சி, அமைதி. படுத்த நிலையில் தோமையாரின் சுரூபம். அம்மா கைப்பையைத் திறந்து, நான்காய் மடித்த அப்பாவின் மருந்துச் சீட்டை எடுத்தார். மடிப்பைப் பிரித்து, உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு, கல்லறையைப் பார்த்தபடி முழந்தாளிட்டார். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன்.